பதினாறு முனைகளும் ஒரு பழைய அல்டிசும்

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. நீல பிளாஸ்டிக் கூடு, ஒரு பக்கம் பதினாறு முனைகள், மறுபக்கம் மினுக்கும் ஒரு பொட்டு விளக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் உரசும் இடத்தில் இதற்கென்றே இருக்கும் வாயில் செருகிவிட்டால், ப்ளூடூத் வழியாகக் கைப்பேசியோடு பேசத் தொடங்கும். இன்ஜின் சூடு எவ்வளவு, சுழற்சி எவ்வளவு, பெட்ரோல் கூடுதலாகப் போகிறதா, எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதெல்லாம் திரையில் வரும். ஓபிடி ஸ்கேனர் என்று பெயர். எட்டு மாதமாக என்னுடைய 2007ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா அல்டிசில் இதைப் பயன்படுத்தி வருகிறேன்.

சிங்கப்பூரின் பாசிர் ரிசில் பழைய கார் வைத்திருப்பவன் வேறு எதை வாங்காவிட்டாலும் இதை வாங்க வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் வாங்கியதும் கார் தன் நோயைத் தானே சொல்லிவிடும் என்று நம்பி வாங்கக்கூடாது. அது சொல்வது ஒன்று, நாம் புரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில், பதினெட்டு வயது தாண்டிய காரை ஏன் வைத்திருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1990 மே மாதம் முதல் சிங்கப்பூரில் கார் வாங்குபவர் காரோடு பத்தாண்டு ஆயுளையும் சேர்த்தே வாங்குகிறார். அந்தப் பத்தாண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்தால் கார் போய்விட வேண்டும், அல்லது முந்தைய மூன்று மாத ஏலத் தொகையின் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2017ல் நான் பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். பழைய காருக்குச் சாலை வரியும் கூடுதல். பத்து விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுக்காண்டு ஏறி ஐம்பதில் நிற்கும். சோதனைக்கும் ஆண்டுதோறும் போக வேண்டும். ஆனாலும் 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 106,000 வெள்ளியைத் தொட்டபோது, கீழே நின்றிருந்த அல்டிசைப் போய் ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன். இந்த ஊரில் பழைய காரை நன்றாக வைத்திருப்பது ஆசைக்காக மட்டுமல்ல.

வீட்டிலேயே கார் வேலை பார்ப்பது என்றால் மற்ற ஊர்களில் வாசலும் ஷெட்டும் இருக்கும். எங்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய பலமாடி நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். ஜாக்கி போட்டுத் தூக்கி எண்ணெய் வடிக்கிற இடமல்ல அது. அண்டை வீட்டாரின் காருக்கும் நம் காருக்கும் நடுவே கதவைத் திறந்து இறங்கும் அளவுக்குத்தான் இடம். அங்கே உட்கார்ந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், ஓசை எழுப்பாமல் செய்ய முடிகிற வேலை காரைப் படிப்பதுதான். இந்தக் கருவி எங்களைப் போன்றவர்களுக்கு அவ்வளவு பொருந்திப்போவதற்கு அதுவே காரணம்.

நான் இரண்டு வாங்கினேன். முதலாவது 12 வெள்ளி. மைத்துனரின் 2015 மாடல் காரில் செருகியதும் பேசியது. என் அல்டிசில் வாயே திறக்கவில்லை. இரண்டாவது 38 வெள்ளி. இரண்டு காரிலும் வேலை செய்கிறது. காரணம் எளிது. புதிய கார்கள் கேன் என்ற இரட்டைக் கம்பி வழியில் நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் பேசுபவை. என் கார் பேசுவது ஒற்றைக் கம்பியில், 10.4 கிலோபிட் வேகத்தில். மலிவுக் கருவிகள் சில, இந்தப் பழைய பேச்சைக் கற்காமலே சந்தைக்கு வந்துவிடுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மூலம், கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்த இஎல்எம்327 என்ற சில்லு. அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இல்லாததால் உலகமெங்கும் போலிகள் பெருகின. அந்த நிறுவனம் 2022ல் மூடிக்கொண்டது. போலிகள் இன்றும் விற்கின்றன. பெட்டியில் ‘பதிப்பு 1.5’ என்று போட்டிருக்கும் பல கருவிகள் நன்றாகவே உழைக்கின்றன, ஆனால் அப்படியொரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. ஆகவே எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் காரின் ஆண்டைச் சொல்லி, வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகையையோ குறைமின் ப்ளூடூத் வகையையோ கேட்க வேண்டும். சாதாரண ப்ளூடூத் கருவி ஆண்ட்ராய்டோடு மட்டுமே சேரும்.

முதல் சோதனை மூன்றாவது வாரத்திலேயே வந்தது. தெம்பனிஸ் விரைவுச்சாலையில் கார் இருமியது. இன்ஜின் விளக்கு முதலில் சிமிட்டியது, பிறகு நிலையாக எரிந்தது. வீட்டுக்கு வந்து செருகினேன். பி0303. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். நான் முதலில் நினைத்துக்கொண்டது எழுபதுகளின் டாட்சன் 120ஒய் ஒன்றை.

அது அப்பாவின் கார். செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவர் மூன்றாவது கையில் வாங்கியது. கார் இப்படி இருமினால் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓட ஓட, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். நல்ல சிலிண்டரின் கம்பியைக் கழற்றினால் இன்ஜின் தள்ளாடும். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் செத்தது. பிறகு அந்த பிளக்கைக் கையில் எடுத்து நிறம் பார்ப்பார். காப்பிப் பழுப்பு என்றால் நலம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட் இடைவெளியை அரை மில்லிமீட்டர் தகட்டால் அளந்து திருத்துவார். உதிரிபாகம் வேண்டுமென்றால் சுங்கை ரோடு. தேக்காவில் காய்கறி வாங்கப் போகிற ஞாயிறுகளில் அப்படியே ஜாலான் புசார் பக்கம் நடந்து, தரையில் பரப்பியிருந்த இரும்புக் குவியலில் குந்தி உட்கார்ந்து தேடுவார்; நான் பக்கத்தில் குந்தியிருப்பேன். அந்தச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. இன்றும் அந்தத் தெருவைத் தாண்டும்போது கிரீசும் துருவும் கலந்த வாடையை மூக்கு தேடுகிறது.

என் அல்டிசில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, பிளக் கம்பியும் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. ஓடும் இன்ஜினில் அதைக் கழற்றி அப்பா செய்த வித்தையைச் செய்தால் மின்னணுப் பாகங்களும் புகைபோக்கியின் வினையூக்கியும் கெடும். யாரும் முயல வேண்டாம். ஆனால் அப்பாவின் வழி இன்னும் செல்லும். இன்ஜின் ஆறியபின் மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவது இடத்திலும், இரண்டாவதை மூன்றிலும் மாற்றி வைத்தேன். ஒரு பத்து எம்எம் சாக்கெட், பத்து நிமிடம். குறியீட்டை அழித்துவிட்டு லோயாங் வரை ஓட்டித் திரும்பினேன். இப்போது திரையில் பி0302. கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது! பிளக்கும் நலம், இன்ஜெக்டரும் நலம், வயதாகித் தளர்ந்த ஒரு காயில்தான் குற்றவாளி. உபி வட்டாரத்தில் ஓர் உதிரிபாகக் கடையில் புதிது வாங்கிப் போட்டேன். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

இடையில் இன்னொரு கார் இருந்தது. நானே வாங்கிய முதல் கார், 1993 கொரோலா. அதில் ஸ்கேனர் வேண்டியதில்லை. பானெட்டுக்குள் ஒரு சிறு பெட்டியைத் திறந்து, இரண்டு துளைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால், டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு சிமிட்டிச் சிமிட்டிக் கணக்குச் சொல்லும். இரண்டு சிமிட்டல், நிறுத்தம், இரண்டு சிமிட்டல் என்றால் 22, தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சார். என் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து எண்ணுவாள், நான் வெளியே நின்று குறித்துக்கொள்வேன். பத்தாண்டு முடிந்து 2003ல் அதைக் கொண்டுபோய் ஒப்படைத்தபோது அந்த இன்ஜின் தையல் மெஷின் போல ஓடிக்கொண்டிருந்தது. அப்போது புதுப்பிக்கும் வசதி என்னிடம் இல்லை. இந்தக் காரைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பதில் அந்த வருத்தத்துக்கும் பங்குண்டு.

இனி, கருவி என்னைத் தடுமாற வைத்த கதை. நான்கு மாதம் கழித்து விளக்கு மறுபடி எரிந்தது. பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஒரு பட்டறையில் குறியீட்டைச் சொன்னதுமே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள், நானும் மாற்றினேன். ஒரே வாரத்தில் விளக்கு திரும்ப வந்தது. குறியீடு என்பது தீர்ப்பல்ல என்பதை அப்போதுதான் உறைக்கும்படி உணர்ந்தேன். இந்தக் குறியீட்டு ஏற்பாடே பழுதுபார்ப்பவருக்காகப் பிறந்ததல்ல. கலிஃபோர்னியாவின் புகைமூட்டத்தைக் கட்டுப்படுத்த எழுந்த விதிகளின் பிள்ளை இது. அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001லிருந்தும் கட்டாயமானது. புகைக்குக் காவல் நிற்பதுதான் அதன் முதல் வேலை. கலவை கெட்டிருக்கிறது என்று அது கூவும். எதனால் கெட்டது என்பது அதற்குத் தெரியாது. காற்று அதிகம் என்று சொன்ன சென்சார் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னதற்காக அதைத் தூக்கி எறிந்தோம்.

அன்று மாலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு நிறுத்துமிடத்துக்குப் போனேன். எண்பது கடந்துவிட்டார், காதும் மந்தம், இன்ஜின் சத்தத்தை வைத்துச் சொல்ல இனி முடியாது. கைப்பேசியில் எரிபொருள் திருத்த விழுக்காட்டைக் காட்டினேன். வழக்கமான அளவைவிட எவ்வளவு பெட்ரோலைக் கணினி கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதன் கணக்கு அது. பூஜ்யத்தை ஒட்டி இருப்பது நல்லது. கார் சும்மா நிற்கையில் 22 காட்டியது.

“இதென்ன, பிளக் வெளுத்திருக்குன்னு சொல்லுதா?” என்றார்.

“ஆமாப்பா, அதேதான்.”

“மிதிச்சுப் பிடி.”

2500 சுற்றில் பிடித்தேன். 22 மெல்ல இறங்கி 4ல் நின்றது. விட்டதும் மறுபடி ஏறியது.

“அப்ப சென்சார் இல்ல, பம்ப்பும் இல்ல. பம்ப்பு போயிருந்தா மிதிக்கும்போது மோசமாகும். எங்கியோ காத்தை உறிஞ்சுது. சும்மா நிக்கும்போது இன்ஜின் குடிக்கிறதே கொஞ்சூண்டு காத்து, அதுல சின்ன ஓட்டையும் பெருசாத் தெரியும். மிதிச்சா அது ஒண்ணுமில்லாம போயிடும்.”

ஸ்கேனரை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார். காக்கி புக்கிட்டில் எங்களுக்குப் பழக்கமான, பட்டறைப் போர்மனான ஒரு சீனரிடம் அந்த இரண்டு எண்களையும் காட்டினேன். அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இன்டேக் மேனிஃபோல்டின் பக்கம் டார்ச்சைப் பிடித்தார். வருடக்கணக்கான சூட்டில் கேஸ்கெட் ரப்பர் இறுகிச் சுருங்கியிருந்தது. மாற்றியபின் 22 இருந்த இடத்தில் 2. எங்கள் மூவருக்கும் பொதுவான மொழி என்று பார்த்தால் அந்தத் திரையில் இருந்த எண்கள்தான். இந்தக் கருவியின் முழு மதிப்பும் எனக்கு அங்கே விளங்கியது. “ஏதோ சத்தம் வருது அங்கிள்” என்று போய் நிற்பதற்கும், எண்ணைக் கொண்டுபோய் நிற்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

சில எச்சரிக்கைகள். போர்மனிடம் போகும்முன் குறியீட்டை அழிக்காதீர்கள். கோளாறு நேர்ந்த நொடியில் வேகம், சூடு, சுழற்சி எவ்வளவு இருந்தன என்று கார் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். கருவியைச் செருகியே விட்டுவிடாதீர்கள். அதன் பதினாறாவது முனைக்குப் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் வருகிறது. வாரம் முழுக்க நிற்கும் காரில் அது பேட்டரியைக் குடிக்கும்; தவிர, மலிவுக் கருவிகளின் கடவுச்சொல் பெரும்பாலும் 1234, பக்கத்துக் காரில் இருப்பவர்கூட இணைத்துவிடலாம். ஏபிஎஸ், ஏர்பேக் பற்றி இந்த விலைக் கருவிகள் பொதுவாக எதுவும் சொல்லாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து நேரடியாக வந்த சில வண்டிகளில் செருகுவாய் பொருந்தும், பேச்சு பொருந்தாது. செயலிகளில் டார்க் ப்ரோ நன்று. கார் ஸ்கேனர் என்பது கண்ணுக்கு இன்னும் எளிது.

நான் தினமும் பார்ப்பது குறியீட்டை அல்ல, சூட்டை. டேஷ்போர்டில் இருக்கும் முள் பெரிய வித்தியாசம் வரும்வரை நடுவிலேயே நிற்கும்படி அமைந்தது. எண் அப்படி மறைக்காது. மாலை நெரிசலில் 90ஐ ஒட்டி இருந்தது ஒரு நாள் 101க்கு ஏறியது. முள் அசையவேயில்லை. மின்விசிறியின் ரிலே போயிருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் இன்ஜினின் தலையே வளைந்திருக்கும்.

அல்டிசின் சான்றிதழ் 2027ல் முடிகிறது. பத்தாண்டுக்குப் புதுப்பித்ததால் மறுபடியும் புதுப்பிக்கலாம், பணம் இருந்தால். இப்போதைக்கு ஞாயிறு காலைகளில் அப்பாவை ஏற்றிக்கொண்டு தீவு விரைவுச்சாலை வழியாகத் தேக்காவுக்குப் போகிறேன். நிறுத்துமிடத்தின் சரிவில் இறங்குமுன் அவர் என் கைப்பேசியைப் பார்க்கக் கழுத்தை நீட்டுவார்.

“எவ்வளவு?”

“எண்பத்தெட்டு.”

“சரி, எடு.”