யார் வீட்டுப் பெட்டகம்?

செட்டிநாட்டுப் பழைய வீடுகளை அருங்காட்சியகமாகவோ விடுதியாகவோ மாற்றியவர்களிடம் ஏதாவது குறை சொன்னால் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: நாங்கள் வாங்கியிருக்காவிட்டால் இதெல்லாம் எடைக்குப் போயிருக்கும். இப்போது அவர்கள் மட்டுமல்ல, சுற்றுலாப் பக்கங்களில் எழுதுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள பாளையத்து ஊர்களிலும் மிஞ்சியிருக்கிற பழைய வீடுகளை அதே மாதிரி ஆக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதுவே வாதம்.

வாதத்தில் உண்மை இருக்கிறது. பங்காளிகள் ஒத்துப்போகாத வீடுகளில் நிலைக்கதவும் தூணும் தனித்தனியாகக் கழற்றி விற்கப்பட்டதைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் கூரை ஒழுகாமல் நிற்கிற வீடுகளில் பல, விடுதி வாடகையாலும் நுழைவுக் கட்டணத்தாலும்தான் நிற்கின்றன. சுவரைக் கண்ணாடிபோல மின்ன வைக்கும் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதற்கும் இந்த ஆர்வம் ஒரு காரணம். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. எடைக்குப் போகவில்லை என்பதாலேயே ஒரு பொருள் காப்பாற்றப்பட்டுவிட்டது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இந்த வீடுகளில் பொருள்களின் அருகே வைத்திருக்கும் அட்டைகளைப் படித்துப் பாருங்கள். பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு. பொருள் எந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்தது என்று தெரிகிறது. எந்த வீட்டிலிருந்து வண்டியேறி வந்தது என்று தெரிவதில்லை. பெரும்பாலான அறைகலன்கள் அந்த வீட்டுடையவை அல்ல என்பதே காரணம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வாங்கியவை, வேறு ஊர் ஏலத்தில் எடுத்தவை, தரகர் கொண்டுவந்து இறக்கியவை எல்லாம் ஒரே வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நிற்கின்றன. ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாக அங்கேயே புழங்கியதுபோல அவை அடுக்கப்படுகின்றன. ஊஞ்சல் ஒரு வீட்டுடையது, பெட்டகம் இன்னொரு வீட்டுடையது, சுவரில் தொங்கும் தாத்தா படம் மூன்றாவது வீட்டுடையது. யாருடைய தாத்தா என்று கேட்டால் வழிகாட்டிக்குத் தெரியாது. கேட்கிறவரும் அதிகமில்லை.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவை இங்கே சொல்ல வேண்டும். அங்கே வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். இது இடம்பெயர்த்த வீடு, இன்ன ஊர் வீடு என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அந்த நேர்மை இருந்தால் பொருள்களைத் திரட்டி வைப்பதில் எனக்கு வழக்கே இல்லை. திரட்டியதைப் பரம்பரைச் சொத்து என்று காட்டுவதில்தான் வழக்கு.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். வளவைச் சுற்றியுள்ள அறைகளையே எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் வீட்டில் மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. திருமணத்துக்குப் பிறகு அவனை வேறு வைப்பார்கள். கூரை ஒன்றுதான், ஆனால் அடுப்பு தனி, கணக்குத் தனி. வளவு அறை அந்தப் புள்ளியின் பொருள்களுக்கும், புதுமணத் தம்பதியின் ஒதுக்கத்துக்கும் உரியது. மற்றவர்கள் படுத்தது பெரும்பாலும் வெளியே, பத்தியில் பாய் விரித்து. இன்றோ அதே அறையில் தந்தவேலை செய்த பெரிய கட்டிலைப் போட்டு, கொசுவலை தொங்கவிட்டு, ‘செட்டியாரின் படுக்கையறை’ என்கிறார்கள். கட்டில் பழையதுதான், அறையும் பழையதுதான். இரண்டையும் சேர்த்தபோது பிறந்த வாழ்க்கை மட்டும் யாரும் வாழாதது. ஒரே வீட்டுக்குள் தனித்தனிக் கணக்கு வைத்து வாழ்ந்த அந்தச் சமூகத்தின் நுட்பமான ஏற்பாடு ஒரு கட்டிலுக்கு அடியில் மறைந்துபோகிறது.

சாமான்களின் கதை இன்னும் வருத்தம் தருவது. நகரத்தார் திருமணத்தில் பெண்ணுக்குத் தருவதையெல்லாம் ஊரார் பார்க்கப் பரப்பி வைப்பார்கள். வெங்கலம், பித்தளை, மரவை, எனாமல், பாய், பெட்டி என்று எல்லாம் அதில் இருக்கும். எது எத்தனை, யார் கொடுத்தது என்பதற்குச் சிட்டை எழுதுவார்கள். பெரிய பாத்திரங்களில் பெயரெழுத்தும் வெட்டியிருக்கும். அது நகரத்தார் வழக்கம் மட்டுமல்ல. திண்டுக்கல் கடைவீதியில் தவலை வாங்கிய எந்த வீட்டிலும் பெயர் வெட்டித்தான் உள்ளே எடுத்துப்போவார்கள். ஆயுள் முழுவதும் சமையற்கட்டில் கழித்த ஒரு பெண்ணின் பெயருக்குச் சில வீடுகளில் அந்தத் தவலையின் விளிம்பைத் தவிர வேறு எழுத்துச் சான்று கிடையாது. பழைய சாமான் வியாபாரத்துக்குப் பாத்திரம் பளபளவென்று இருக்க வேண்டும். பாலிஷ் சக்கரத்தில் பிடிக்கும்போது முதலில் தேய்வது அந்த எழுத்துதான். பிறகு அந்தத் தவலையை முகப்பில் வைத்துத் தாமரை மிதக்கவிடுகிறோம். அதைக் கொண்டுவந்தவளின் பெயரை அழித்துவிட்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

திண்டுக்கல்காரனுக்கு இதில் சொந்த வலியும் ஒன்று உண்டு. இந்த வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாங்காய்ப் பூட்டுகள் கிடக்கின்றன. ‘பழைய இரும்புப் பூட்டு’ என்று ஒரு வரி எழுதியிருக்கும். ஊர்ப் பெயர்கூட இருக்காது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, பட்டறையில் லீவர் ஒவ்வொன்றையும் கையால் அராவிச் சாவியோடு பொருத்துவது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதுதான் அதன் பெருமை. சாவி இல்லாத பூட்டைக் காட்சிக்கு வைக்கும்போது பாதிப் பொருளைத்தான் வைக்கிறோம். அது எந்த அறைக் கதவில் தொங்கியது, அறைக்குள் என்ன இருந்தது, சாவி யார் இடுப்பில் இருந்தது என்ற மூன்றும் போன பிறகு மிஞ்சுவது இரும்புதான். அப்படியானால் எடைக்குப் போடுகிறவருக்கும் நமக்கும் இருக்கிற வேறுபாடு விலையில் மட்டும்தானா?

பொருளோடு சேர்ந்திருந்த மனிதர்களை அட்டையிலிருந்து நீக்கினால் இன்னொன்றும் வசதியாக நீங்கிவிடுகிறது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கைமாறின. 1937-இல் அது 25 விழுக்காட்டைத் தொட்டது. கடன் கொடுத்தவர்களுக்கும் அது விரும்பிய முடிவல்ல. பணமாகத் திரும்ப வேண்டியது நிலமாக முடங்கியது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது செட்டியார்களும் அகதிகளாகத் திரும்பினார்கள். சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமையாக்கியது. தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிற பயணிக்கு இரு தரப்பின் துயரத்தில் எதுவும் தெரியாது. ‘பர்மா தேக்கு’ என்ற சொல் மரத்தின் தரத்தை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. ஒரு வீடு எப்படி எழுந்தது, ஏன் பூட்டிக் கிடந்தது என்று சொல்லாத அருங்காட்சியகம் எதைத்தான் சொல்ல வைத்திருக்கிறது?

பார்க்க வருகிறவர்கள் அழகைத்தான் கேட்கிறார்கள், வரலாற்றை அல்ல என்பது அடுத்த வாதம். இதை நான் நம்பவில்லை. மதுரைக் காந்தி அருங்காட்சியகத்தில், சுடப்பட்டபோது காந்தி அணிந்திருந்த துணி இருக்கிறது. நெசவைப் பார்க்க யாரும் அதன் முன் நிற்பதில்லை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜனின் வீடு சிறியது. செட்டிநாட்டு முகப்பு ஒன்றுக்குள் அது முழுவதும் அடங்கிவிடும். காட்டுவதற்கு அங்கே பளிங்கு இல்லை, சரவிளக்கு இல்லை. ஆனாலும் உலகின் பல மூலைகளிலிருந்து தேடி வருகிறார்கள். இந்த வீட்டில், இந்த மனிதர் என்ற உறுதி அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

தவறாக அடுக்கிய பிறகு திருத்த முடியாது என்றும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் ஊரின் ஆளுநர் மாளிகையை 1930-களில் அந்தக் காலத்து ரசனைப்படி ஆடம்பரமாக நிரப்பி வைத்தார்கள். மக்கள் மிகவும் விரும்பினார்கள். ஆளுநர் போட்டெடார்ட் 1770-இல் இறந்தபோது அறை அறையாக எழுதிய பொருள் பட்டியல் இருந்தது. அதை மறுபடி ஆராய்ந்து, 1981-இல் மாளிகையை அந்தப் பட்டியலின்படி மாற்றி அமைத்தார்கள். அழகான பல பொருள்கள் வெளியேறின. நம்மிடம் பட்டியல் இல்லையா? திருமணச் சிட்டையும் பாகப்பிரிவினைப் பத்திரமும் கணக்கு ஏடுகளும் அவையேதான். கட்டிலைத் தேடி அலைகிற ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட யாரும் இந்த ஏடுகளைத் தேடுவதில் காட்டுவதில்லை. வீடு விற்கிறபோது அவை பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. நூறாண்டு கடந்த கலைப்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கும். பொருள் தன் வீட்டையும் ஏட்டையும் பிரிந்துபோவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

ஆகவே திண்டுக்கல்லில் இப்படி ஒரு வீடு வேண்டும் என்பவர்கள் நத்தம், சிங்கம்புணரி வழியாகக் காரைக்குடிக்கு வண்டி அனுப்பிக் கட்டிலும் பெட்டகமும் ஏற்றிவர வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு நோட்டும் புகைப்படக் கருவியும் எடுத்துக்கொண்டு இங்குள்ள வீடுகளுக்குப் போகட்டும். தவலையின் விளிம்பில் இருக்கிற பெயரை எழுதிக்கொள்ளட்டும். எந்த ஆச்சி, எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், அந்தத் தவலையில் எதற்கு வெந்நீர் போட்டார்கள் என்று உயிரோடு இருக்கிற மருமகளிடம் கேட்கட்டும். வாங்கிய பொருளாக இருந்தால் எந்த ஆண்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று அட்டையில் போடட்டும். பாலிஷ் போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.