பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? பழைய விடைக்கு ஒரு மறுப்பு

குடும்பத்துடன் உள்ளரங்கப் பனிச்சறுக்குத் தளத்திற்குச் சென்று வரும் வழக்கம் நம் நாட்டிலும் மெல்லப் பரவி வருகிறது. சிம்லாவில் 1920ஆம் ஆண்டு முதல் இயற்கைக் குளிரிலேயே உறையும் திறந்தவெளித் தளம் உண்டு. 2011ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் உள்ளரங்கத் தளம் ஒன்று கட்டப்பட்டது. பள்ளிக்கரணைப் பக்கத்து மக்களுக்கோ பனிக்கட்டி என்றால் குளிர்பதனப் பெட்டிதான். ஆகவே, இத்தகைய தளத்தில் முதன்முதலாகக் கால் வைக்கும் சிறுவன், "இது ஏன் இப்படி வழுக்குகிறது?" என்று கேட்பது இயல்பே.

அதற்கு நம் வகுப்பறைகளில் ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. "சறுக்குக் காலணியின் அலகு மெல்லியது, ஆகவே அழுத்தம் மிகுதி. அழுத்தம் மிகுந்தால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும். பனிக்கட்டி உருகி நீராகி வழுக்குகிறது." அயர்லாந்து அறிஞர் ஜான் ஜோலி 1886இல் தந்த விளக்கம் இது. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்பதில்லை.

நீங்களே போட்டுப் பாருங்கள். 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அலகின் 20 செ.மீ. நீளமும் 3 மி.மீ. அகலமும் பனிக்கட்டியைத் தொடுகின்றன எனக் கொள்வோம். பரப்பு 6 சதுர செ.மீ. அழுத்தம் ஏறத்தாழ 8 வளிமண்டலங்கள். ஒரு வளிமண்டல அழுத்தத்திற்கு உருகுநிலை குறைவது 0.0074 டிகிரி செல்சியஸ் மட்டுமே. ஆக, மொத்தக் குறைவு 0.06 டிகிரி! தொடும் பரப்பு பத்தில் ஒரு பங்குதான் என்றாலும் 0.6 டிகிரிக்கு மேல் போகாது. தளத்தின் பனிக்கட்டியோ மைனஸ் 5 டிகிரி அளவில் வைக்கப்படுகிறது. அதை அழுத்தத்தால் உருக்கச் சுமார் 600 வளிமண்டலங்கள் வேண்டும்.

கணக்கு வேண்டாமென்றால், தளத்தையே கவனியுங்கள். 80 கிலோ தந்தையும் 20 கிலோ குழந்தையும் ஒன்றுபோலவே சறுக்குகிறார்கள். அழுத்தமே காரணமானால் குழந்தை நகராமல் நிற்க வேண்டுமே! அலகே இல்லாத தட்டையான செருப்பும் வழுக்குகிறதே! மேலும், மைனஸ் 22 டிகிரிக்குக் கீழே எவ்வளவு அழுத்தினாலும் சாதாரணப் பனிக்கட்டி நீராவதில்லை. வேறு வகைப் பனிக்கட்டியாகவே மாறுகிறது. அதனினும் கடுங்குளிரிலும் மனிதர் பனியில் சறுக்கிச் செல்கின்றனர்.

அப்படியானால், எடை கட்டிய கம்பி பனிக்கட்டியை அறுத்துச் செல்ல, பின்னால் கட்டி மீண்டும் ஒட்டிக்கொள்ளும் சோதனை பொய்யா? இல்லை. அங்கே பனிக்கட்டி 0 டிகிரியிலேயே, உருகும் வாயிலில் நிற்கிறது. சிறு அழுத்தமே போதும். அழுத்தத்தால் உருகுநிலை குறையும் என்ற விதி சரியானதே. அதைச் சறுக்குத் தளத்திற்குக் கொண்டுவந்ததுதான் பிழை.

பின் உண்மை என்ன? 1939இல் பௌடனும் ஹியூஸும் உராய்வு வெப்பமே பனியை உருக்குகிறது என்று காட்டினர். விரைந்து சறுக்குவோருக்கு இது பொருந்தும். ஆனால் அசையாமல் நிற்பவரும் வழுக்கி விழுகிறாரே! அதற்கான குறிப்பு 1850இலேயே மைக்கேல் ஃபாரடேயிடம் கிடைக்கிறது. உறைநிலைக்குக் கீழும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் உண்டு என்றார் அவர். உள்ளிருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அண்டை மூலக்கூறுகள் பிணைத்திருக்கின்றன. மேற்பரப்பு மூலக்கூறுக்கு மேலே அண்டை இல்லை; ஆகவே பிடிப்புத் தளர்ந்து எளிதில் இடம் பெயர்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட அளவீடுகள் இக்கருத்துக்கு வலுவூட்டின. உராய்வு மிகக் குறைவாக இருப்பது மைனஸ் 7 டிகிரியில் என்றும் அவை காட்டின. அதைவிடச் சூடானால் பனிக்கட்டி மென்மையாகி அலகு அதில் உழுகிறது. மிகவும் குளிர்ந்தால் மேற்பரப்பு மூலக்கூறுகளின் ஓட்டம் அடங்கிவிடுகிறது. இதன் நுட்பங்கள் இன்றும் ஆராயப்படுகின்றன.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பழைய விடை வாழ்ந்து வருவதற்குக் காரணம், அதை யாரும் எண்களில் இட்டுப் பார்க்கச் சொல்லாததே. மாணவன் அதை அப்படியே எழுதுகிறான், மதிப்பெண் பெறுகிறான், ஆசிரியரான பின் அதையே கற்பிக்கிறான். ஆசிரிய நண்பர்களே, இவ்வினாவை மனப்பாட வினாவாகக் கேட்காமல் கணக்காகக் கொடுங்கள். மாணவர்களே, மேலே உள்ள கணக்கை உங்கள் எடையைக் கொண்டு செய்து பார்த்து, விடையை வகுப்பில் சொல்லுங்கள்.