ஒத்துக்கொள்: தமிழில் சிறைப்பட்டோர் நாவல்கள்

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பே துறையில் கப்பல் வந்து நின்ற பிறகுதான் கப்பல் வரும் என்று நம்பலாம். கடல் கலங்கினால் போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) போவது தள்ளிப்போகும். அப்படிக் காத்திருந்த மூன்று நாட்களில் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலை இரண்டாம் முறையாகப் படித்தேன். தீவாந்தர தண்டனை என்ற சொல்லோடு நம் பாட்டன்மார் அஞ்சிய அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் தென்கோடி இது. ஆனால் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் காடு திருத்திக் குடியேறிய ஊர், சிறை இல்லை. போக முடியாதிருப்பதற்கும் போக விடாமல் வைத்திருப்பதற்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்வியோடு தமிழின் சிறைப்பட்டோர் நாவல்களை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

இந்தக் கேள்வியை முதலில் இருத்தலியலிடம்தான் கேட்க வேண்டும். இருத்தலியலை எஸ்.வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' (1975) வழியாகவும், வெ. ஸ்ரீராம் பெயர்த்த காம்யுவின் 'அந்நியன்' (1980) வழியாகவும் தமிழ் வாசகர்கள் நெருங்கி அறிந்தார்கள். எந்த நிலையிலும் மனிதன் ஒன்றைத் தேர்கிறான், அந்தத் தேர்வுக்கு அவனே பொறுப்பு என்பது அதன் அடித்தளம். இதை வலியுறுத்திய பிரெஞ்சுச் சிந்தனையாளர் சார்த்தர் 1940-41இல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். இருந்தாலும், கை கட்டப்பட்டவனிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005) ஆகிய மலேசிய நாவல்களில் தேர்வுக்கே இடமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடக் கொண்டுபோனார்கள். காலராவும் பட்டினியும் கொன்ற அந்தக் காட்டில் சம்மதம் கேட்க ஆளில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) பண்ணையத்தில் விடப்பட்ட ஆட்டுக்காரச் சிறுவனைக் காட்டுகிறது. அவன் சார்பில் சம்மதித்தவர்கள் பெற்றோர். ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) இன்னும் கீழே இறங்குகிறது. அங்கே உடல் குறைபட்டவர்களைப் பிச்சைக்கு வைத்து விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அவர்களுக்குப் பெயர் 'உருப்படி'. அந்த உருப்படிகள் தங்களுக்குள் கேலி பேசிச் சிரிக்கும் பக்கங்களில்தான் அவர்கள் மனிதர்கள் என்பதை யாராலும் அழிக்க முடியாமல் போகிறது.

'லாக்கப்' (2006) இவற்றிலிருந்து ஒரு படி விலகி நிற்கிறது. கோவை ஆட்டோ ஓட்டுநரான சந்திரகுமார், 1983இல் குண்டூரில் பிழைக்கப் போன இடத்தில் தான் பட்டதை எழுதினார். செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி நாள் கணக்கில் அடி. லத்தி, சாவி, சோறு, ஊர், மொழி எல்லாம் காவலர்கள் கையில். அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: 'நான்தான் செய்தேன்' என்ற சொல். வழக்கை முடிக்க அது வேண்டும். அது அடிபடுகிறவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். சார்த்தர் பேசிய சுதந்திரம் இங்கே அந்த ஒரு சொல்லின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சுருங்கினாலும் சாகவில்லை. இந்த நாவலிலிருந்து வெற்றிமாறன் 2015இல் எடுத்த படம் 'விசாரணை'. காஃப்காவின் நாவலும் ஏ.வி. தனுஷ்கோடியின் தமிழில் 'விசாரணை'தான். காஃப்காவின் நாயகனுக்குக் குற்றம் இன்னதென்று கடைசிவரை தெரியாது. குண்டூரில் குற்றம் தெரியும், செய்தவன்தான் வேறு யாரோ. வாழ்வின் அபத்தம் இங்கே காவல் நிலையத்தின் அன்றாட வேலையாக நடக்கிறது.

இதன் மறுபக்கம் ஷோபாசக்தியின் 'ம்' (2004). 1983 ஜூலை 25, 27 தேதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட படுகொலை அதன் நடுவில் இருக்கிறது. கதை கேட்பவர் இடையிடையே கொட்டும் 'ம்' தான் தலைப்பு. கொடுமையைக் கேட்டும் 'ம்' என்று அமைந்துபோகிறவரும் அதற்கு உடந்தை என்று நாவல் நம் மேல் விரல் நீட்டுகிறது. சிறைக்கு உள்ளே இருந்தவனுக்கு மட்டும் உரியதாக நாம் எண்ணிய தேர்வும் பொறுப்பும் வாசகனிடம் வந்து சேர்கின்றன. தமிழ் நாவல் இருத்தலியலுக்குச் சேர்த்த பங்கு இதுவென்றே கருதுகிறேன்.

என் கேள்விக்கு விடையும் இங்கேதான் கிடைத்தது. கப்பலைத் தடுக்கும் கடலுக்கு என் சம்மதம் தேவையில்லை. அடைத்து வைக்கும் மனிதனுக்கோ எப்போதும் ஒரு சம்மதம் தேவைப்படுகிறது. சம்மதத்தின் எடையை இந்தத் தீவு நன்றாக அறியும். 2004 சுனாமியில் ஊர் இழந்த நிக்கோபாரிகள், பழைய கிராமங்களுக்குத் திரும்பும் ஏக்கத்தோடு கேம்பல் பே பக்கத்துக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். இந்தத் தீவில் அரசு கொண்டுவரும் பெருந்திட்டத்துக்காக 2022 ஆகஸ்டில் கொடுத்த தடையில்லாச் சான்றை அவர்களுடைய பழங்குடி மன்றம் அதே ஆண்டு நவம்பரில் கடிதம் எழுதித் திரும்பப் பெற்றது. இது சிறைக் கதை அன்று. ஆனால் சொன்ன 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டா என்று அந்தக் கடிதம் கேட்கிறது. சொல் எப்போதும் சொல்பவனுக்கே உரியது, ஆகவே உண்டு என்பதற்கு 'லாக்கப்' சாட்சி. நாம் வெறுமனே 'ம்' கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஷோபாசக்தியின் நாவல் சாட்சி.