கந்தலில் மலரும் வண்ணம்

காட்டுப்பள்ளி போன்ற மீனவர் ஊர்களில் மட்டுமன்று, தமிழகத்தின் எளிய இல்லங்கள் பலவற்றிலும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு ஒன்றைக் காணலாம். அதனைச் சிக்கனம் என்று பாராட்டுகிறோம். கலை என்று சொல்லத் தயங்குகிறோம். இத்தயக்கம் முறையானதா?

வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் ‘கவண்டி’ இதற்கு விடை தருகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். இந்துக்களும் இசுலாமியரும் கத்தோலிக்கரும் இவர்களுள் உளர். பழஞ்சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுத் துணிகளை ஓரமாக வைத்துத் தைத்தபடியே நடுப்பகுதியை அடைகிறார்கள். முன்னரே வரைந்த படம் எதுவும் இல்லை.

வண்ணமே இங்கு வரைபடம். மங்கிய நீலத்தின் அருகே மஞ்சள் அமைந்தால் நீலம் பின்வாங்க, மஞ்சள் முன்வருகிறது. ஒரே சிவப்பு மூன்று இடங்களில் மீண்டும் தோன்றினால் கண் அவ்வழியே நடக்கிறது. முரண்படும் நிறங்களை, வரிவரியாய் ஓடும் தையல் ஒன்றாகப் பிணைக்கிறது. இறுதியில் நான்கு மூலைகளிலும் ‘பூலா’ எனும் மலர்களை மடித்து வைக்கிறார்கள். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் சிலுவையையும் துணியிலேயே அமைக்கிறார்கள்.

இதற்கு எதிரான வழியும் உண்டு. தமிழகக் கட்டத்துணியை வாங்கிய நைஜீரியாவின் கலாபாரி மக்கள், அதன் வெளிர் இழைகளை அறுத்து நீக்கிப் புதுக்கோலம் படைத்தனர். சித்திப் பெண் வண்ணத்தைக் கூட்டுகிறாள். கலாபாரிப் பெண் கழிக்கிறாள். இருவரும் தேர்ந்தே செய்கின்றனர். தேர்வுள்ள இடத்தில் கலையும் உண்டு.

நமது பழவேற்காடும் இவ்வரலாற்றுக்கு அந்நியமன்று. 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர் வண்ணத் துணிகளை ஏற்றுமதி செய்தனர். அதே துறையிலிருந்து மனிதரையும் அடிமைகளாகக் கப்பலேற்றினர். துணியின் நிறத்தை விரும்பிய உலகம், மனிதனின் நிறத்தை இகழ்ந்தது.

இன்று கவண்டிகள் விற்பனைக்கும் தைக்கப்படுகின்றன. வாங்குவோர் விருப்பத்துக்கேற்ப நிறங்களை முன்கூட்டியே பொருத்தினால் அவற்றின் உயிர்ப்புக் குன்றும் என்பதே நம் கருத்து. ஆயினும், நம் கண் களிக்க வேண்டுமென்று அப்பெண்கள் கந்தலோடும் வறுமையோடும் இருக்கவேண்டும் எனக் கேட்க நமக்கு உரிமை இல்லை. உரிய கூலியைத் தந்து, நிறத்தேர்வை அவர்களிடமே விடுவதே நேர்மை.

இன்றிரவு நம் வீட்டு விரிப்பை ஒருமுறை உற்று நோக்குவோம். அதைத் தைத்த தாயும் தேர்ந்தே தைத்திருப்பாள், நாம்தாம் கேட்டதில்லை.