கருவறைக்கு அளவெடுத்த கல்

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகிற சாலையில் திருமுருகன்பூண்டி வந்துவிட்டதைக் காதே சொல்லிவிடும். உளிச் சத்தம், நடுநடுவே கட்டிங் மெஷினின் கிறீச்சிடல். சாலையோரப் பட்டறைகளில் தும்பிக்கை இன்னும் கல்லை விட்டுப் பிரியாத பிள்ளையாரும், முகம் மட்டும் துலங்கிய நந்தியும் வெண்தூசி படிந்து நிற்பார்கள். கொங்கேழ் தலங்களில் ஒன்று இந்த ஊர். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரைச் சிவகணங்கள் வேடர் உருவில் வழிமறித்துப் பறித்தது இங்கேதான் என்று தலபுராணம் சொல்கிறது. இன்று இங்கிருந்து வெளியூர்ப் பயணம் போவது கல் தெய்வங்கள். யாரோ எங்கிருந்தோ அளவு சொல்லி, செய்யச் சொன்னவை.

அளவு சொல்லிச் செய்விப்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிய காரியம். பனியன் கம்பெனிக்குக் கடல் கடந்து மெஷர்மென்ட் சார்ட் வரும், சாம்பிள் போகும், பையர் சரி என்ற பிறகுதான் துணியில் கத்தி விழும். டி-ஷர்ட்டில் அரை, ஒரு சென்டிமீட்டர் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். கல்லுக்குச் சாம்பிள் கிடையாது. செய்வது ஒன்று, வெட்டிய இடத்தைத் திரும்ப வளர்க்க முடியாது. அதனால் ஒரு சிலையின் அழகில் பாதி, உளி எடுப்பதற்கு முன்னால் ஆர்டர் பேசும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

“மூணடியில ஒரு பெருமாள் வேணுமுங்க” என்று ஒரு கோயில் கமிட்டி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழில் தெரிந்த ஸ்தபதி உடனே விலை சொல்ல மாட்டார். மூன்றடி எங்கிருந்து எங்கே? கிரீடத்தைச் சேர்த்தா, பீடத்தைச் சேர்த்தா? கருவறையின் உள் அகலம் எவ்வளவு? வாசல்கால் உயரம்? சந்நிதி எந்தத் திசை பார்க்கிறது? சிவலிங்கமானால் திசை இன்னும் முக்கியம். கிழக்கு பார்த்த சந்நிதியில் அபிஷேக நீர் வழியும் கோமுகி வடக்கே நீள வேண்டும்.

இந்தக் கேள்விகள் எல்லாம் பழைய நூல்களில் வேர் கொண்டவை. சிலையின் உயரத்தை எதை வைத்து முடிவு செய்வது என்பதற்கு மானசாரம் என்ற சிற்ப நூல் பல வழிகள் சொல்கிறது. கோயிலின் அகலம், கருவறை, வாசல் என்று போகும் அந்தப் பட்டியலில், செய்விப்பவரின் உடல் உயரமும் ஒன்று. அவருடைய கண் மட்டம், மூக்கு நுனி, தோள், மார்பு, தொப்புள் என்று ஏதாவது ஒரு மட்டத்துக்குச் சிலை நிற்கலாம். கும்பிடுகிறவரின் உடம்பே அளவுகோலாகிறது. இந்தத் துறையில் இதைவிட நெகிழ வைக்கும் விதி வேறில்லை.

உலகின் மறுபக்கத்தில் கையால் சைக்கிள் பிரேம் கட்டுபவர்களுக்கும் இது புரியும். கண்ணால் பார்க்காத ஒருவருக்காக, அவர் அனுப்பிய உள்கால் நீளம், கை நீளம், முண்ட உயரம் ஆகியவற்றை வைத்து அவர்கள் குழாய் அறுக்கிறார்கள். டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு ஒன்று உண்டு: உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் சீட் உயரம் கிடைக்கும். ஓர் உடம்பிலிருந்து ஒரு விகிதம், அதிலிருந்து ஒரு வடிவம்.

பூண்டியின் விகிதம் 124. உத்தம தச தாலம் என்ற முறையில், நின்ற திருமேனியின் உயரத்தை 124 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் அங்குலம். அது ஸ்கேலில் உள்ள அங்குலம் இல்லை; அந்தச் சிலைக்கு மட்டுமே சொந்தமான அங்குலம். முகம் பதின்மூன்றரை, கழுத்து 4, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. தொடையும் கணைக்காலும் முகத்தின் சரியான இரு மடங்கு என்பதைக் கவனித்துவிட்டால், நல்ல சிலைக்கு முன்னால் கண் ஏன் தடுக்காமல் இறங்குகிறது என்பது விளங்கும். தேவியருக்கு 120 பங்கு. மூன்றடிச் சிலையில் ஓர் அங்குலம் ஏறக்குறைய 7.4 மில்லிமீட்டர். அங்குலத்தில் எட்டில் ஒன்றான யவை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. உதட்டோரமும் இமையும் அந்த நுணுக்கத்தில்தான் பிறக்கின்றன. கல்லோ, கன அடிக்கு 75 கிலோ எடையுள்ள கருங்கல்!

கல் பெரும்பாலும் பக்கத்து ஊத்துக்குளியிலிருந்து வரும். தட்டிப் பார்த்து, மணி போல் கணீரென்றால் ஆண் கல், ஓசை மென்மையாக இழைந்தால் பெண் கல், ஓசையே எழாவிட்டால் அலிக்கல் என்று பிரிப்பது மரபு. லிங்கத்துக்கு முதலாவது, ஆவுடையாருக்கு இரண்டாவது, அடியில் போடுவதற்கு மூன்றாவது. உள்ளே பொந்து இருந்தால் அதற்குப் பெயர் தேரை. அப்படிப்பட்ட கல்லை எவ்வளவு வேலை நடந்திருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

தொலைவு எவ்வளவு இருந்தாலும் இந்த அளவு முறை தாங்கும் என்பதற்குப் பெரிய சாட்சி ஹவாயில், காவாய் தீவில் நிற்கிறது. வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்த ‘இறைவன்’ என்ற கோயிலின் கற்களைப் பெங்களூரில் 1990-லிருந்து கையால் செதுக்கினார்கள். அவை கப்பலேறிப் போய், தீவில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தின. குடமுழுக்கு 2023-இல் நடந்தது.

பொருத்தம் என்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு சிவலிங்கம் போதும். நாம் கும்பிடுவது மேலே உள்ள உருளைப் பாகத்தை மட்டும். அதற்குக் கீழே எண்பட்டை, அதற்கும் கீழே சதுரம், இரண்டும் ஆவுடையாருக்கும் பீடத்துக்கும் உள்ளே மறைந்துவிடும். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து இடித்த அஷ்டபந்தனம் சுற்றிலும் இறங்கி இறுகிய பிறகு, அந்தப் பட்டைகளை எவரும் பார்க்கப்போவதில்லை. பார்க்கிற பாகத்துக்கு உள்ள அதே அளவுச் சுத்தம் அவற்றுக்கும் உண்டு.

ஆர்டர் முடிந்த சிலையை வைக்கோலும் சாக்கும் சுற்றி லாரியில் ஏற்றும்போது ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கும். கண்ணை முழுதாகத் திறந்திருக்க மாட்டார்கள். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் சிற்பி பொன் ஊசியும் மெல்லிய உளியுமாக அந்த ஊருக்குப் போவார். தான் கடிதத்திலும் போனிலும் மட்டுமே அறிந்த கருவறைக்குள் அப்போதுதான் முதல் முறையாக நுழைவார்.