புட்டியும் பல்லும்

விஷமுள்ள பிராணிகளைக் குறிக்க ஆங்கிலத்தில் பாய்ஸனஸ், வெனமஸ் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஆங்கிலேயர்களிலேயே பலர் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டுவிடுவார்கள். பிராணி நூல் வல்லார் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. நாம் தின்றால் நம்மைக் கொல்வது முதல் வகை; கடித்தோ கொட்டியோ கொல்வது இரண்டாவது. பேத்தை மீன் முதல் வகை. நல்ல பாம்பு இரண்டாவது.

இதை அகராதிக்காரர் சண்டை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பாய்ஸன் என்ற சொல் பானம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது புட்டியில் கிடக்கும். யார் கைக்கும் வரும். வெனம் அப்படியல்ல. அதற்குச் சொந்தக்காரன் உண்டு; அவனுக்குப் பசியும் பயமும் சுபாவமும் உண்டு. கதை எழுதுகிறவன் கவனிக்கவேண்டிய வித்தியாசம் இதுதான்.

கானன் டாயில் 1892-இல் வெளியிட்ட 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையைப் பாருங்கள். டாக்டர் ஒருவர் இந்தியப் பாம்புக்குப் பால் வைத்துப் பழக்குகிறார். அது மணிக்கயிற்றில் இறங்கிப்போய், சீட்டி கேட்டதும் திரும்பி வருகிறது! பாலுக்கும் சீட்டிக்கும் கட்டுப்படும் பாம்பு எங்கே இருக்கிறது? டாயில் கயிற்றில் இறக்கியது பாம்பை அல்ல, விஷப் புட்டியை. ஆனால் ஹோம்ஸ் பிரம்பால் விளாசியதும் அது சீறித் திரும்பி, எதிர்ப்பட்ட எஜமானனையே கடிக்கிறதே, அந்த ஒரு நிமிஷம் அது பாம்பாகிவிடுகிறது. கதையில் நமக்கு மறக்காத இடமும் அதுதான். உடனே பத்து விநாடிக்குள் டாக்டரைச் சாகடித்து, மறுபடியும் அதைப் புட்டியாக்கிவிடுகிறார் ஆசிரியர்.

அகாதா கிறிஸ்டி முதல் உலக யுத்தத்தின்போது ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர். 1935-இல் வந்த 'டெத் இன் தி கிளவுட்ஸ்' நாவலில், ஆகாய விமானத்துக்குள் ஒரு கொலை. ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங் பாம்பின் விஷம் மட்டும் வருகிறது, பாம்பு வரவில்லை. பல்லுக்குப் பதில் ஒரு முள், குத்துகிறவன் மனிதன். இங்கேயும் அவசரம்தான். அந்த வகைப் பாம்பு கடித்த அமெரிக்க நிபுணர் கார்ல் ஷ்மிட் 1957-இல் மறுநாள்தான் இறந்தார். ஆனாலும் கிறிஸ்டியின் கணக்கு நேர்மையானது. புட்டி வேண்டியிருந்தது, புட்டியையே எடுத்துக்கொண்டார். பாம்பின் தலையில் மனிதனுடைய சூழ்ச்சியைக் கட்டவில்லை.

டாயிலின் கதையே இரண்டில் விறுவிறுப்பானது, அதை மறுப்பதற்கில்லை. அதனால்தான் குறை உறுத்துகிறது. பாம்பைக் கதைக்குள் விடுகிறவர் அதன் பல்லை மட்டும் விட்டால் போதாது, சுபாவத்தையும் சேர்த்தே விடவேண்டும்.