'கரிப்பு மணிகள்' காட்டும் வேலைப் பிரிவும் கூலி வேறுபாடும்

உப்பு தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. அகநானூற்றின் 140-ஆம் பாடலில் அம்மூவனார் காட்டும் உமணர் மகள் தன் வாயாலேயே உப்புக்கு விலை கூறுகின்றாள். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979) காட்டும் தூத்துக்குடி உப்பளப் பெண்ணோ, தன் உழைப்பின் விலையைப் பிறர் கூறக் கேட்கின்றாள். இவ்விருவர்க்கும் இடைப்பட்ட தொலைவே இந்நாவலின் பொருள் எனக் கருதுகின்றோம்.

கதையினும் களச்செய்தியே இந்நாவலில் மிக்கது என்று குறை கூறுவாருளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. அளத்தில் ஆடவர் உப்பை வாருகின்றனர். பெண்டிர் பெரும்பாலும் அதனைச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகின்றனர். வெயிலும் காலைத் தின்னும் கரிப்பும் இருபாலார்க்கும் ஒன்றே. கூலி மட்டும் ஒன்றன்று. இச்செய்தியை நீக்கிவிட்டால் பொன்னாச்சியின் துயரம் தனியொருத்தியின் தலைவிதியாகச் சுருங்கிவிடும்.

நாவல் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1976-இல், சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரே வேலையோ ஒத்த தன்மையுடைய வேலையோ செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊதியம் வேறுபடலாகாது என்று அது விதித்தது. வாருதல் வேறு, சுமத்தல் வேறு எனப் பெயரிட்டுவிட்டாலோ, இரண்டும் ஒத்தவை என நிறுவும் சுமையும் பெண்ணின் தலையிலேயே ஏறுகின்றது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வரையறையையே மேற்கொண்டிருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது. சட்டம் கூலியை ஒப்பிடுகின்றது. வேலையைப் பிரிக்கும் கையோ களத்தில் இருக்கின்றது.

அக்கை எத்தகையது என்பதனை நாவல் மறைக்கவில்லை. எவர்க்கு எவ்வேலை என முடிவு செய்வோனே பெண்ணின் மானத்துக்கும் விலை பேசுகின்றான். பொன்னாச்சிக்கு நேரும் தொல்லை இவ்வதிகாரத்திலிருந்தே பிறக்கின்றது. சுமைகாரியாய்ப் புகுந்தவள் சுமைகாரியாகவே முதுமை எய்துவதற்கு அவள்தன் திறக்குறைவு காரணமன்று. ஏறுதற்குப் படி வைக்கப்படாமையே காரணம்.

ஆசிரியரின் குரல் சிலவிடங்களில் மாந்தரின் குரலை மூடுகின்றது என்பது உண்மையே. ஆயினும், ஏற்றத்தாழ்வு தானாய் விளைவதன்று, நாள்தோறும் வேலை பகிரும் இடத்தில் விளைவிக்கப்படுவது என்பதனைத் தமிழ் நாவலுக்குள் இவ்வளவு தெளிவாய்க் கொணர்ந்த படைப்புகள் சிலவே. இந்நாவலை ஆராயப் புகும் மாணவர், கதைமாந்தரின் பண்புகளைத் தொகுப்பதற்கு முன், எவர் எவ்வேலை செய்கின்றனர், என்ன கூலி பெறுகின்றனர் என்பதனைத் தொகுத்துக் காண்பாராக. அத்தொகுப்பில் நாவலின் கட்டமைப்பு தானே புலப்படும்.